பானெட் சூடாக இருந்தால் திரும்பிவிடு

பழைய ஜீப் மாதிரி வண்டி, அதாவது சேறு, பாறை, ஆற்று மணல் என்று எதிலும் ஏறி இறங்குகிற பெரிய வண்டி ஒன்றை நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், போனவுடன் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். விற்கிறவர் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே இன்ஜினை ஓடவிட்டுத் தயார் செய்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறிக் கிடக்கிற இன்ஜின் காலையில் எப்படி இருமிக்கொண்டு கிளம்புகிறது என்பதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

இதைச் சொல்கிற எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. செகந்திராபாத்தில், போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் வருகிறவன். என் மனைவிக்கு அந்த ஸ்கூட்டரும் ஓட்டத் தெரியாது. தபால் ஆபீஸ் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். ஆனாலும் போன வருஷம் மழைக்காலத்தின் கடைசியிலிருந்து குளிர் தொடங்குகிற வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் இந்த ஊரில் பழைய வண்டி பார்த்துக்கொண்டு திரிந்தோம். கோயிலுக்குக் கட்டின பட்டுப் புடவையோடு அவள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். நான் கையில் இரண்டு ஹெல்மெட்டையும் வைத்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் மகன் அந்த ஆகஸ்டில் இறந்துபோயிருந்தான். டெங்குக் காய்ச்சல். ஒரே பிள்ளை. படிப்பை முடித்து வேலைக்குப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அவனுக்கு இந்த வண்டிகள் மேல் பைத்தியம். புது வண்டி வேண்டாம், பழசுதான் வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டின்போது போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ எங்கேயோ சேற்றில் வண்டி ஓட்டுகிற வீடியோவைப் பார்த்தபடியே எங்களுக்குப் பாடம் எடுப்பான். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஹைதராபாத் ஹிந்தியில் பதில் சொல்வான். நடுநடுவே இங்கிலீஷ். என் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் இன்னும் அந்தத் தமிழ்தான். அவனுக்கு நாங்கள் பேசுவது எல்லாம் புரியும், வாயில் வராது. "பானெட் கரம் ரயா தோ வாபஸ் ஆ ஜானா, டாடி" என்பான். பானெட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டுமாம். நான் "ம்" என்று சொல்லிக்கொண்டு ரசத்தைப் பிசைவேன். ஒரு வார்த்தை காதில் ஏறியதில்லை. வண்டி வாங்கப் போவது நீ, எனக்கு எதற்கடா இந்தப் பாடம் என்று ஒருமுறை கேட்டும் இருக்கிறேன்.

அவன் போன பிறகு நான் சீக்கிரமே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவு நடத்தினேன். விடைத்தாள் திருத்தினேன். மதிய இடைவேளையில் சக ஆசிரியர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொன்னவர்களை எழுந்து ஓர் அறை விடலாமா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படித்தான் முழு ஆளும் இருந்தேன். கடித்தாலும் தெரியாது. "சார் ரொம்ப தைரியமானவர்" என்று எங்கள் தலைமையாசிரியை தெலுங்கில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

என் மனைவி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அடம் எல்லாம் இல்லை. தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவாள், கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டு போய் மூடி வைப்பாள். மோர் குடிப்பாள். உடம்பு பாதியாகிவிட்டது. அவனுடைய போனை மட்டும் தினமும் சார்ஜ் போடுவாள். அணைத்து வைத்துவிடு என்று என் மைத்துனன் சொன்ன அன்றும் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். திருமுல்கேரியிலிருந்து ஒருவர். அவரிடம் பழைய வண்டி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, நம் பையன் ஜூலையில் விசாரித்திருக்கிறான், வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஆளையே காணோமே என்று கேட்கிறார். இவள் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு ஹிந்தியில், "பேட்டா பாஹர் கயா" என்றாள். பையன் வெளியே போயிருக்கிறான். சாதாரணமாக, கவுண்டரில் உட்கார்ந்து தபால்தலை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். சரி, நாளைக்கு நாங்கள் வந்து பார்க்கிறோம் என்று ஹிந்தியிலேயே சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னத்துக்கு?" என்றேன்.

"ஒரு மனுசன் இம்புட்டு நாளா காத்துக்கிட்டு இருந்திருக்காரு. போய்ப் பாத்துட்டு, வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருவோம்."

மறுநாள் திருமுல்கேரியில் அந்த வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்ததும், நான் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடுவதற்குள், அவள் நேராகப் போய் வண்டியின் பானெட் மேல் கையை வைத்தாள். "கரம் ஹை, பையா" என்றாள். அந்த ஆள் சிரித்துவிட்டார். பிறகு இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னாள். மூடியைத் திறந்தவுடன் உள்ளேயிருந்து புஸ்புஸ் என்று புகை வந்தால் அதற்குப் பேக் கம்ப்ரஷன் என்று பெயர், இன்ஜின் உள்ளுக்குள் தேய்ந்துபோய்விட்டது, பெரிய வேலை. வந்தது. அடியில் குனிந்து பார்த்தாள். அடிச்சட்டம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட். புதுப் பெயிண்டுக்குக் கீழே துரு இருக்கும். "நக்கோ, பையா", வேண்டாம் அண்ணா, என்று எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

நான் ஹெல்மெட்டுகளோடு அப்படியே நின்றேன். அவள் பேசியது அவனுடைய வார்த்தைகள். அவனுடைய ஹிந்தி. "நக்கோ"வை அவன் இழுக்கிற மாதிரியே கடைசியில் இழுத்தாள். சாப்பாட்டு மேஜையில் நான் கேட்காமல் விட்டதையெல்லாம் இவள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டு வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டி நல்லா இல்லையா என்று கேட்டேன்.

வரும் வழியில் ஒரு டிபன் கடையில் நிறுத்தச் சொன்னாள். பெசரட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முழுசாகச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று சொன்னாள். இஞ்சிச் சட்னி கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது என்று குறையும் சொன்னாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் உணவில் குறை சொன்னது அன்றைக்குத்தான்.

அதனால் அடுத்த ஞாயிறும் போனோம். அவன் போனில் இருந்த பழைய வண்டி விற்பனைச் செயலி புது வண்டி வரும்போதெல்லாம் மணி அடித்துக் காட்டிக்கொண்டே இருந்தது. அவள் பார்த்துப் பேசி வைப்பாள். எல்லோரிடமும் ஒரே பதில்தான்: பையனுக்குப் பார்க்கிறோம், பையன் வெளியே போயிருக்கிறான். ஹிந்தியில் சொல்வாள், சில இடங்களில் தெலுங்கில். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. விற்கிறவனுக்கு வாங்குகிறவனின் பிள்ளை எங்கே போனால் என்ன.

நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பழைய வண்டியில் மீட்டர் காட்டுகிற கிலோமீட்டரை நம்பாதீர்கள், பிரேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள். மீட்டர் குறைவாகக் காட்டி ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். நான்கு டயரும் ஒரே அளவா என்று பாருங்கள், இந்த வகை வண்டிக்கு அது முக்கியம். புகைபோக்கியில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் பேசாமல் கிளம்புங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். புதுப்பிக்காதவர் நாளைக்கே ஆகிவிடும் என்பார். நாளைக்கு ஆகாது.

சைனிக்புரியில் பார்த்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிற காலனி. ஃபௌஜி வண்டி, ஒரே கை, அதாவது ராணுவக்காரர் ஒருவரே வைத்திருந்தது என்று விளம்பரத்தில் போட்டுவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று என் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். நாங்கள் போன வீட்டு அதிகாரி ஞாயிறுதோறும் காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி உறை போட்டு மூடிவிடுவாராம். பல வருஷமாக அப்படித்தானாம். பெருமையாகச் சொன்னார். வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. என் மனைவி மேடு ஏறுவதற்கான சின்ன கியரைப் போட்டுக் காட்டச் சொன்னாள். அதற்குத் தனியாகக் குட்டையாக ஒரு லீவர் இருக்கும். அவர் ஒரு கையால் தள்ளினார், இரண்டு கையாலும் தள்ளினார், முகம் சிவந்துவிட்டது. லீவர் நகரவில்லை. அடியில் ரப்பர் சீல்கள் எல்லாம் காய்ந்து வெடித்து, துடைத்துவிட்ட இடத்திலேயே மறுபடி எண்ணெய் கசிந்திருந்தது. ஓடிக் கெட்டுப்போன வண்டியைச் சரி பண்ணிவிடலாம், நின்று கெட்டுப்போனதைத் தொடாதே என்று பையன் சொல்லியிருந்தானாம். அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. பளபளப்பைப் பார்த்து மயங்குகிற ஆட்களைத்தான் அவர் அதுவரை பார்த்திருக்கிறார்.

அன்றைக்கும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அந்தக் கியர் லீவர் கதையை எனக்கே மறுபடி சொல்லிக்கொண்டு வந்தாள், நான் அங்கே இல்லாதது போல.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் வண்டி வாங்க வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வருகிறாள். ஒவ்வொரு வண்டியையும் அவன் சொன்ன காரணத்தைச் சொல்லித் தள்ளிவிட்டால், அடுத்த ஞாயிறும் அவன் சொன்னதைச் சொல்லிப் பார்க்கலாம். வண்டி கிடைக்காத வரைக்கும் அவன் வண்டி தேடிக்கொண்டிருக்கிறான். இதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டால் திங்கள் செவ்வாய் வரைக்கும் கொஞ்சம் தெம்பாக இருந்தாள். நல்ல வண்டி எதுவும் வந்துவிடக் கூடாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஊரில் பழைய வண்டிகளின் நிலையைப் பார்த்தால் அந்தக் கவலைக்கு இடமே இல்லை என்றும் பட்டது.

நல்ல வண்டி அக்டோபரில் வந்தது. அதுவும் சைனிக்புரிதான், கடைசிச் சந்து. விற்கிறவர் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பானெட் ஜில்லென்று இருந்தது. "நீங்க வர வரைக்கும் ஸ்டார்ட் பண்ணலை" என்று ஹிந்தியில் சொன்னார். வண்டிக்கு அடியில் காய்ந்த சேறு அப்படியே ஒட்டியிருந்தது. கீசராவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறாராம், வாரம் தவறாமல் இந்த வண்டியில்தான் போய் வருவாராம். விற்பதற்காகக் கழுவவில்லை. கழுவினால் கசிவு இருப்பது தெரியாமல் போய்விடும், நீங்கள் பார்க்க வேண்டும் அல்லவா என்றார். இடது முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால்தான் விற்கிறார்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை இல்லை. ரப்பரும் மீட்டரும் ஒன்றையொன்று ஒத்துப்போயின. பெயிண்ட் பழசு, துரு மேலாகக் கொஞ்சம். பதிவு புதுப்பித்திருந்தது. முட்டி வலித்தாலும் பரவாயில்லை என்று எங்களை ஏற்றிக்கொண்டு காலனிக்குப் பின்னால் இருந்த கல்லு மேட்டுக்குப் போய், அந்தக் குட்டை லீவரை ஒரு கையால் தட்டினார். விழுந்தது. வண்டி மேட்டில் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. என் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரமாகவே அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி தீர்ந்துவிட்டது.

திரும்பி வந்து இறங்கியதும், "ஆயில் மூடிய இன்னொரு மட்டம் திறக்கச் சொல்லுங்க" என்றாள் என்னிடம், மெதுவாக.

"அட!" என்றார் அவர். "தமிழா நீங்க? இன்னா சார், இவ்ளோ நேரமா சொல்லவே இல்லியே! வாங்க, உள்ள வாங்க. காப்பி குடிச்சிட்டுத்தான் போவணும்."

வேலூர்ப் பக்கத்துக்காரர். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவரே காப்பி போட்டார். எந்த ஊர் என்று கேட்டார். எந்தக் கோயில் என்று கேட்டார். செகந்திராபாத்தில் தமிழன் ஒருவன் இன்னொரு தமிழனைக் கண்டுபிடித்துவிட்டால் மூன்று தலைமுறையைத் தோண்டாமல் விடமாட்டான். ஹிந்தியில் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிற விஷயம் தமிழில் நிற்காது.

"தம்பிக்குத்தான் பாக்கறீங்க இல்ல? தம்பி எங்க?"

"ஊர்ல இல்ல" என்றாள் என் மனைவி.

"எந்த ஊர்ல இருக்கான்?"

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெங்களூர்ல" என்றாள்.

"எப்ப வரான்?"

"கிறிஸ்மஸுக்கு."

"அப்போ வரட்டும். ஓட்டறவன் வந்து ஒக்காந்து ஓட்டிப் பாக்காம பழைய வண்டிய வாங்கவே கூடாது, சார். அது தப்பு. அட்வான்ஸ் எல்லாம் ஒண்ணும் வேணாம். தம்பி வர வரைக்கும் வண்டிய யாருக்கும் குடுக்க மாட்டேன். நம்ம ஊருப் பிள்ளை ஓட்டினா எனக்கும் சந்தோஷம்தானே."

அன்று சாயங்காலமே செயலியிலிருந்து அந்த வண்டியை எடுத்துவிட்டார். வழியில் எந்த டிபன் கடையிலும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போவது நின்றுவிட்டது. கிடைத்துவிட்ட வண்டியை எப்படித் தேடுவது? அவர் ஒவ்வொரு வாரமும் போன் செய்தார். புது பேட்டரி போட்டிருக்கிறேன் என்று படம் அனுப்பினார். பின் சீட்டைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றார். நல்ல மனிதர். அவரை எனக்கு அப்போது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், வாசல் பக்கம் நின்று அவள் பேசுவது கேட்கும்.

"சொன்னேன் அண்ணாச்சி. ரொம்ப சந்தோசப்பட்டான். லீவு போட்டிருக்கான்."

கேட்டுக்கொண்டே நான் மார்க்கைக் கூட்டினேன். தப்பாகக் கூட்டியிருக்கிறேன் என்று மறுநாள் பையன்கள் வந்து சொன்னார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வாசலில் இருந்த பூந்தொட்டிகள் எல்லாம் மதில் ஓரமாக நகர்ந்திருந்தன. அவள் தையல் டேப்பை வைத்துக் கேட்டை அளந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, வண்டி உள்ள வந்துரும். ஆனா ரிவர்ஸ் எடுக்க இடம் காணுமா?"

"யாரு ரிவர்ஸ் எடுக்கறது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் கேட்டுவிட்டது போலப் பார்த்துவிட்டு, டேப்பைச் சுற்றினாள்.

எனக்குப் பயம் வந்தது. நன்றாகவே பயந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது என்பதை அப்போது கவனிக்கவில்லை. டிசம்பர் வரும், கிறிஸ்மஸ் வரும், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இவள் நிற்பாள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒருத்தரும் வர மாட்டார்கள் என்பதை அந்த மனிதரிடம் யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும். வீட்டில் நான்தான் இருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகச் சைனிக்புரிக்குப் போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். பேட்டரி மாற்றி, சீட் தைத்து, வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஹீ இஸ் நோ மோர். இங்கிலீஷில் அது சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்காவது இரங்கல் கூட்டம் என்றால் அப்படித்தான் அறிவிப்போம். அதுவரை நான் அதைக்கூட யாரிடமும் சொன்னதில்லை. எல்லா போனையும் என் மைத்துனன்தான் செய்தான்.

அவர் வண்டிப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "வாங்க சார், வாங்க! இன்னா, தம்பி முன்னாடியே வந்துட்டானா?"

வாயைத் திறந்தேன். இங்கிலீஷ் வரவில்லை.

"என் பையன் செத்துப்போயிட்டான், சார்" என்றேன். "ஆகஸ்ட்லயே."

அவர் என் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது போலக் கேட் பக்கம் பார்த்தார். பிறகு பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டார். கடைசியில், ரொம்பத் தயங்கி, குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா, சார்?"

தெரியும் என்றேன். வண்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். சரி சார், சரி சார் என்றார். கேட் வரைக்கும் வந்தவர், நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். வழியெல்லாம் அந்தக் கேள்விதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அடக்கத்தின்போது மண் போட்டாள். தெரியாமல் எப்படி இருக்கும்?

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "எங்க போயிட்டு வாரிய?" என்றாள்.

"சைனிக்புரிக்கு."

கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னிய?"

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"அவர்ட்ட சொன்னத என்ட்டயும் சொல்லுங்க" என்றாள். "ஆஸ்பத்திரியில டாக்டரு இங்கிலீஷ்ல சொன்னாரு. அடுத்த வீட்டுக்காரவ தெலுங்குல சொல்லி அழுதாவ. பாஸ்டரய்யா வந்து, கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சான்னு ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. எல்லாரும் சொன்னாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லல. நீங்க சொல்லாம நான் எப்படிங்க நம்புவேன்?"

அவள் நெற்றியில் ஒரு வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நம்ம பிள்ள செத்துப்போயிட்டான்."

"ஆமா" என்றாள். என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு மட்டம் சொல்லுங்க."

இரண்டாவது தடவை என்னால் சொல்ல முடியவில்லை. அவள்தான் சொன்னாள்.